கொல்லிமலைக்கு சைக்கிளில் போகலாமா?

"டாக்டர், கொல்லிமலைக்கு சைக்கிள்ல போலாமுங்களா?"

போன புரட்டாசியில் என் கிளினிக்குக்கு வந்த ஒருவர் கேட்ட கேள்வி இது. வயது 48. வங்கியில் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி, அவர் முடிப்பதற்குள் குறுக்கிட்டார். "பையனுக்கு என்னமோ கிராவல் பைக்காமுங்க, வாங்கிக் கொடுத்தாரு. இப்ப அவனை விட்டுட்டு இவரு ஓட்டிக்கிட்டு இருக்காரு. எழுபது வளைவும் ஏறுவாராம். நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் இந்த வயசுல தேவையா?"

தேவையா என்று கேட்டால், தேவைதான். ஆனால், எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஆசை இப்போது நிறைய வீடுகளில் முளைத்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பையனுக்கும் இருக்கிறது, ஓய்வு பெறப் போகும் அப்பாவுக்கும் இருக்கிறது. அதனால் அந்தத் தம்பதிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அதென்ன கிராவல் பைக்?

'கிராவல்' என்றால் சரளைக்கல். தார் போடாத ஜல்லி ரோடு, செம்மண் பாதை, ஏரிக்கரை இவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள் இது. பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் மாதிரி ஹேண்டில் பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம். பந்தய சைக்கிளின் டயர் 25, 28 மில்லிமீட்டர் இருந்தால், இதில் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றையும் குறைவாகத்தான் அடிப்பார்கள். டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் கல்லின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் உங்கள் மணிக்கட்டும் முதுகெலும்பும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

மேடு ஏறுவதற்கு இலகுவான கியர், இறங்குவதற்கு டிஸ்க் ப்ரேக் என்று மற்ற வசதிகளும் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய ஜல்லிச்சாலைப் பந்தயம் இந்த சைக்கிளைப் பிரபலமாக்கியது. 2022-ல் இத்தாலியில் இதற்கு முதல் உலகப் போட்டியே நடந்தது. நமக்குப் போட்டி வேண்டாம். மண் பாதையில் நிம்மதியாகப் போய்வந்தால் போதும்.

ஏன் கொல்லிமலை?

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கொல்லிமலை. சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு இது தாய்வீடு மாதிரி. கோரக்கர் குகை இருக்கும் மலை என்று எங்களுக்கு இதன்மேல் தனி மரியாதை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில் மூலிகை பார்க்க முதன்முதலாக இங்கே வந்தேன். அன்று முதல் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏறிவிடுவேன்.

அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். முள்ளுக்குறிச்சி பக்கமிருந்தும் ஒரு சாலை வருகிறது. அதில் வளைவுகள் குறைவு.

சைக்கிள்காரர்களுக்கு உண்மையான விருந்து மேலே போன பிறகுதான். உச்சியில் சட்டென்று முடிகிற மலை இல்லை இது. மேலே மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் வளப்பூர்நாடு, சேலூர்நாடு, திண்ணனூர்நாடு என்று 'நாடு நாடாக' ஊர்கள். செம்மேடுதான் தலைமையிடம். வல்வில் ஓரியின் சிலை அங்கேதான் இருக்கிறது.

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கும் பெரியகோவிலூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தார்ச்சாலைதான். ஆனால், வழியெல்லாம் ஏற்ற இறக்கம். இரண்டு பக்கமும் பலா, வாழை, காப்பிச் செடி, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. முதல் முறை போகிறவர்களுக்கு இந்தப் பாதைதான் என் சிபாரிசு. சீக்குப்பாறை, சேலூர்நாடு காட்சி முனைகள் பக்கமும், மாசிலா அருவி பக்கமும் போகலாம். முக்கியச் சாலையிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் மண் பாதைகளும் ஜல்லிப் பாதைகளும்தான் கிராவல் பைக்குக்கு ஏற்ற இடம். சாமை, தினை விளையும் காடுகளின் ஓரமாகப் போகும்.

ஒரு விஷயம். ஊர்ப்பாதை வேறு, காப்புக்காட்டுப் பாதை வேறு. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். "வழி இருக்கு, போய்ப் பார்ப்போம்" என்று இறங்காதீர்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போவதே நல்லது. விதைத்த நிலத்துக்குள் சைக்கிளை விடாதீர்கள். உங்களுக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அதுதான் சோறு.

ஏற்றம் உடம்பை என்ன செய்கிறது?

காரவள்ளியிலிருந்து மேலே வர, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 65 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள், தண்ணீரும் பையும் 3 கிலோ. ஆக 80 கிலோவை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு உங்கள் கால்கள் தூக்குகின்றன! இதற்கு மட்டும் உடம்பு ஏறத்தாழ 800 கலோரியைச் செலவழிக்கும். நாம் ஒரு நாள் சாப்பிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இரண்டு மூன்று மணி நேரத்தில் கரைகிறது.

இந்த வேலைக்குத் தேவையான பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதயம். சமவெளியில் களைத்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளவிடலாம். ஏற்றத்தில் நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். அதனால் இதயத்துக்கு நடுவில் ஓய்வே கிடைப்பதில்லை.

எவ்வளவு வேகத்தில் ஏறலாம்? கையில் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். கியரைக் குறையுங்கள். அதற்கு மேல் குறைக்கக் கியர் இல்லையா? இறங்கித் தள்ளுங்கள். ரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகள் நாடி வேகமாவதைத் தடுக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் நாடியை எண்ணிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாறக்கூடாது. அவர்களுக்கும் இந்தப் பேச்சுப் பரிசோதனைதான் நல்லது.

நான் செய்த தவறு

இதைச் சொல்வதற்கு எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சொன்னால் ஒருவராவது பிழைப்பார் என்பதால் சொல்கிறேன்.

2006-ல் நானும் என் நண்பர் ஒருவரும் சாதாரண சைக்கிளில் கொல்லிமலை ஏறினோம். அவர் பள்ளி ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பீடி, சிகரெட் கிடையாது, தொந்தி கிடையாது. நாற்பதாவது வளைவைத் தாண்டியதும், "நெஞ்சு கரிக்குது. காலைல தின்ன வடை சரியில்லை" என்றார். வியர்த்துக் கொட்டியது. ஏறினால் வியர்க்காதா என்று நானும் நினைத்தேன். 'வாயு' என்று முடிவு கட்டி, பையிலிருந்த ஓமத்தையும் சுக்கையும் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்தேன். ஏப்பம் வந்தது. "பாருங்க, சரியாயிடுச்சு" என்றேன். சரியாகவில்லை. இடது தாடை வலிக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. கீழே இறங்கிக்கொண்டிருந்த வாழைத்தார் லாரியை நிறுத்தி, அவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம்.

மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால், "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் தசையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் நான் தொலைத்தது. ஓமத்தின் மேல் குற்றமில்லை. செரியாமைக்கு அது நல்ல மருந்து. ஏறும்போது வந்த நெஞ்சு வலியைச் செரியாமை என்று நினைத்ததுதான் குற்றம்.

ஆகவே வாசகர்களே, ஏறும்போது நெஞ்சில் பாரம், அழுத்தம், எரிச்சல், தாடையிலோ இடது தோளிலோ கையிலோ வலி, ஜில்லென்ற வியர்வை, வழக்கமில்லாத மூச்சுத் திணறல், கண் இருட்டு... இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உட்காருங்கள். கஷாயம், சூரணம், சோடா எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் வருகிற வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளுங்கள். "மெதுவா ஓட்டிக்கிட்டே இறங்கிடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சோதனையைக் கீழேயே முடியுங்கள்

நான் சொல்ல வந்ததின் சாரம் இதுதான். உடம்பு தாங்குமா என்று மலையில் போய்ச் சோதித்துப் பார்க்கக்கூடாது. அந்தச் சோதனையைச் சமவெளியிலேயே, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர்கள், எல்லோரும் முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி. மட்டும் போதுமா, நடைமேடையில் ஓடவைத்துப் பார்க்கும் ட்ரெட்மில் சோதனையும் வேண்டுமா என்று அவர் சொல்வார். நாடி பார்த்து நான் பல விஷயம் சொல்வேன். ஆனால், இதய ரத்தக்குழாயில் எங்கே அடைப்பு என்று நாடியை வைத்துச் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அதன் பிறகு மூன்று மாதப் பயிற்சி.

முதல் மாதம்: வாரம் மூன்று நாள், சமதளத்தில் 10 முதல் 15 கிலோமீட்டர். வேகம் வேண்டாம்.

இரண்டாம் மாதம்: 25, 30 கிலோமீட்டர். வாரம் ஒருநாள் மேம்பாலமோ சிறு கரடோ பார்த்து, அதிலேயே ஐந்தாறு முறை ஏறி இறங்குங்கள்.

மூன்றாம் மாதம்: ஏரிக்கரை, வாய்க்கால் கரை மண் பாதைகள். தளர்ந்த ஜல்லியில் சைக்கிள் எப்படி நழுவும் என்பதை உங்கள் ஊரிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

முழங்காலும் கிழங்கு சூப்பும்

மேலே போனால் 'முடவாட்டுக்கால் கிழங்கு' என்று விற்பார்கள். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் மூடியிருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகை. மிளகு, சீரகம் தட்டிப்போட்டு சூடாக சூப் வைத்துத் தருவார்கள். குளிரில் அருமையாக இருக்கும். குடியுங்கள், நானும் குடிப்பேன். ஆனால், "இதைக் குடிச்சா மூட்டு வலியே வராதாமே டாக்டர்?" என்று கேட்டால், சூப்பை விட முதலில் உங்கள் சீட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடல்மேல் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரியான உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். பெரிய கியரில் முக்கி முக்கி மிதிப்பதும் மூட்டைக் கெடுக்கும். சின்ன கியரில் வேகமாகக் காலைச் சுழற்றுங்கள்.

ஜல்லிப் பாதையில் உள்ளங்கை மரத்துப்போவதும் சகஜம். சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பு அழுந்துவதால் வருவது. கைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கியே வைத்திருங்கள். சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். மூலத்தில் ரத்தம் போகிறவர்கள் அது குணமாகும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம்.

தொடை, கெண்டைக்கால் தசை வலிக்கு உளுந்துத் தைலமோ வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேய்த்து, வெந்நீரில் குளிக்கலாம். விழுந்து அடிபட்டு வீங்கிய இடத்தில் மட்டும் முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து நீவக்கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம்தான்.

சாப்பாடும் தண்ணீரும்

ஏறும் நாளுக்கு முந்தின இரவு நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இட்லியோ கேழ்வரகுக் கூழோ போதும். வடை, பூரி வேண்டாம். வழியில் மணிக்கு ஒருமுறை வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், குழப்பம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போட்டுக் கலக்கி ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புறப்படும் முன் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேலே இருந்தால் அன்று பயணம் வேண்டாம். இன்சுலின், மாத்திரை அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அல்லது குளுக்கோஸ். அன்று இரவிலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

இறங்கும்போதுதான் கவனம்

ஏற்றத்தில் பயப்படுகிறவர்கள் இறக்கத்தில் குஷியாகிவிடுகிறார்கள். கையும் காலும் ஒடிவது அங்கேதான். எழுபது வளைவிலும் பஸ், வேன், இருசக்கர வண்டி எல்லாம் வரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் ப்ரேக்கை அழுத்தினால், அதிலும் ஜல்லி கிடக்கும் இடத்தில் முன் ப்ரேக்கைப் பிடித்தால், சக்கரம் நழுவிவிடும். இரண்டு ப்ரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று கைவிரல்களுக்கு ஓய்வு கொடுங்கள், ப்ரேக்கும் ஆறட்டும். ஹெல்மெட் இல்லாமல் போகவே கூடாது.

ஏறும்போது வியர்த்த உடம்பு, இறங்கும்போது காற்றில் ஜில்லிட்டு விறைக்கும். ஒரு பழைய தினசரியை மடித்து சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத வைத்தியம்!

எப்போது போகலாம்?

மார்கழி, தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் பாதை வழுக்கும், பாறையும் சரியும். சித்திரை, வைகாசியில் மேலே இதமாக இருந்தாலும் அடிவாரம் கொதிக்கும். விடிந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா. திருவிழாவுக்குப் போகலாம், சைக்கிள் பயணத்துக்கு வேண்டாம். அவ்வளவு வண்டி வரும். விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பையில் இருக்கட்டும்

* மாற்று ட்யூப், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் சாமான்
* இரண்டு பாட்டில் தண்ணீர் (ஒன்றில் உப்பு, சர்க்கரை கலந்தது)
* குளுக்கோஸ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள்
* பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி
* பெயர், ரத்த வகை, நோய் விவரம், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு
* விசில், சின்ன டார்ச்

இன்னொன்று. மண் பாதையில் பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் கூடாது. ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள்?

வங்கிக்காரர் ட்ரெட்மில் சோதனை செய்துகொண்டார். கோளாறு எதுவும் இல்லை. சர்க்கரை மருத்துவர் பயண நாளுக்கென்று மாத்திரை அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஏரிக்கரையில் ஓட்டினார். "எழுபது வளைவு இந்த வருஷம் வேண்டாம் சார். சைக்கிளை வண்டியில ஏத்திக்கிட்டு செம்மேடு போயிடுங்க. மேல ஓட்டுங்க" என்றேன். முகம் சுருங்கியது. ஆனால், கேட்டுக்கொண்டார்.

தை மாதம் மூவருமாகப் போய்வந்தார்கள். அப்பாவும் மகனும் சைக்கிளில், அம்மா வண்டியில். "பெரியகோவிலூர் போற வழியில ஒரு மேட்டுல இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போனேன் டாக்டர். பையன் மேல நின்னு சிரிச்சான்" என்றார். இந்த முறை அவர் மனைவி குறுக்கிடவில்லை. "அடுத்த வருஷம் கீழயிருந்தே ஏறப் போறாராமுங்க. அதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அதே கேள்வியை நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள். என் ஆசிரியர் நண்பர் இப்போதும் என்னோடு காரவள்ளி வரை வருகிறார். நான் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி இறங்கும்வரை அவருக்கு அங்கேதான் இருப்பு.